துவைக்கச் சுலபமான நாய், பூனைப் படுக்கையை வீட்டிலேயே தைப்பது எப்படி?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான்: வீட்டில் நடுத்தர உயரத்தில் ஒரு நாய், கூடவே ஒரு பூனை. வாங்கிய மெத்தைப் படுக்கை இரண்டாவது முறை துவைத்ததுமே உள்ளே பஞ்சு உருண்டு கட்டி கட்டியாகிவிட்டது. எத்தனை முறை அலசினாலும் மூத்திர வாடை திரும்பத் திரும்ப வருகிறது. இனி நீங்களே தைத்துவிடலாம் என்று இருக்கிறீர்கள். எந்தத் துணி எடுப்பது, தையல் மெஷின் இல்லாமல் முடியுமா என்று கேட்கிறீர்கள். துணியைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் நீங்கள் சொன்ன இரண்டு தொல்லைக்கும் காரணம் உறைக்கு உள்ளே இருக்கிறது. அதனால் உள்ளேயிருந்து ஆரம்பிக்கிறேன்.

தையல் என் தொழில். பல வருடங்களாக ஒரு விலங்குக் காப்பகத்துக்குப் படுக்கை தைத்துக் கொடுக்கிறேன், அங்கே துவைக்கிற வேலையிலும் கூட நிற்பேன். கால்நடை மருத்துவம் படித்ததில்லை. உண்ணி, தோல் நோய் பற்றிக் கீழே சொல்வதெல்லாம் துணியை என்ன செய்ய வேண்டும் என்கிற வரைக்கும்தான். உங்கள் நாய்க்கு என்ன மருந்து என்பதை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

ஒரு படுக்கை துவைக்கச் சுலபமா, கஷ்டமா என்பதை அது காய்கிற நேரம்தான் முடிவு செய்கிறது. அழுக்கு போவது பெரிய விஷயமே இல்லை, எந்தச் சோப்பும் அதைச் செய்துவிடும். ஆனால் நான்கு இன்ச் தடிப்புள்ள மெத்தைக்குள் போன தண்ணீர் வெளியே வரவே மாட்டேன் என்கும். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், நடுவில் ஈரம் இரண்டு மூன்று நாள் அப்படியே நிற்கும். அந்த ஈரத்தில் கிருமியும் பூஞ்சையும் வளர்ந்து வாடை கிளப்பும். நீங்கள் மறுபடி துவைப்பீர்கள், மறுபடி அதே ஈரம். ஆகவே தைப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இதில் ஒவ்வொரு பாகத்தையும் தனியாகக் கழற்றி, காலையில் துவைத்தால் சாயங்காலத்துக்குள் உலர்த்திவிட முடியுமா? முடியாத எதையும் படுக்கைக்குள் வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டும் என்றால் அதில் தண்ணீரே படாதபடி செய்துவிடுங்கள்.

இந்தக் கணக்கில் பார்த்தால், உள்ளே திணிக்க மிக நல்ல சரக்கு துணிதான். பழைய போர்வை, கிழிந்த படுக்கை விரிப்பு, தேய்ந்த டவல். ஒரு பெரிய போர்வையை எட்டாக மடித்து உறைக்குள் தள்ளினால் நல்ல கனமான படுக்கை கிடைக்கும். துவைக்கிற அன்று வெளியே எடுத்து உதறினால் அது மறுபடி ஒற்றைத் துணி. கொடியில் போட்டால் சட்டை காய்கிற நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகும், அவ்வளவுதான். உருளாது, கட்டியாகாது, பூனை பிய்த்தாலும் அறை முழுக்கப் பஞ்சு பறக்காது. மடிப்பு உள்ளே நகர்ந்து ஒரு பக்கமாக ஒதுங்கும் என்பது மட்டும்தான் குறை. நான்கு மூலையிலும் நடுவிலும் பெரிய பெரிய தையலாக ஒரு நூல் ஓட்டி மடிப்பை நிறுத்திக்கொள்ளலாம், துவைக்கும்போது அதைப் பிரித்துவிடலாம். உறை கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் அதுகூடத் தேவைப்படாது. உங்கள் பூனைக்கும், இளவயதில் இருக்கிற நடுத்தர நாய்க்கும் இதற்கு மேல் எதுவும் வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம்.

பஞ்சு மாதிரி மெத்தென்று வேண்டும் என்றால் பாலியஸ்டர் பஞ்சு எடுங்கள். அது தண்ணீரைக் குடிக்காது, சீக்கிரம் காயும். ஆனால் பெரிய பை ஒன்றில் மொத்தமாகக் கொட்டினால் உங்களுடைய பழைய படுக்கைக்கு நடந்ததுதான் இதற்கும் நடக்கும். பையை நீளவாக்கில் ஆறேழு இன்ச்சுக்கு ஒரு தையல் போட்டுக் குழாய் குழாயாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அளவாக நிரப்பி வாயைத் தைத்துவிட்டால் பஞ்சு ஓட இடம் இருக்காது. இலவம்பஞ்சும் சாதாரணப் பருத்திப் பஞ்சும் வெயிலில் போட்டு அடித்து எடுக்க நல்லவை. தண்ணீரில் நனைத்தால் போயிற்று. தெர்மாகோல் மணிகளை வைக்கவே வேண்டாம். தையல் ஒரு இடத்தில் விட்டாலும் வீடெல்லாம் பரவும், நாய் விழுங்கவும் செய்யும்.

ஸ்பாஞ்ச் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வயதான நாய், உடல் கனத்த நாய், மூட்டு வலி உள்ள நாய் ஆகியவற்றுக்கு மடித்த போர்வை போதாது. முழங்கை எலும்பு தரையில் அழுந்தி அழுந்தி அங்கே முடி உதிர்ந்து தோல் தடித்துப்போகும், சிலதுக்கு நீர் கோத்த வீக்கமும் வரும். அதுகளுக்கு அடர்த்தியான ஸ்பாஞ்ச் பலகை அவசியம். உங்கள் முழங்காலை அதன் மேல் ஊன்றிப் பாருங்கள். அடியில் தரை தட்டுப்பட்டால் அந்தத் தடிப்பு போதாது என்று அர்த்தம். ஆனால் ஸ்பாஞ்சை மெஷினில் போடக் கூடாது. தண்ணீர் குடித்துக் கனத்துப்போய்க் கிழியும், மெஷினுக்கும் கேடு. கையால் அமுக்கி அலசினாலும் உள்ளே காய நாட்கள் பிடிக்கும், கடும் வெயிலில் போட்டால் மஞ்சளாகிப் பொடிய ஆரம்பிக்கும். அதனால் ஸ்பாஞ்சைத் துவைக்கும் பொருளாகவே நினைக்காதீர்கள். தண்ணீர் புகாத உறை ஒன்றில் ஆறு பக்கமும் மூடிவிட்டு, அதன் மேல் துவைக்கிற உறையைப் போடுங்கள். உள் உறையை ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

அந்தத் தண்ணீர் புகாத துணிக்கு, குழந்தைகளின் துணி டயப்பர்களில் வெளிப்பக்கம் வைக்கிறார்களே, ஒரு பக்கம் துணியும் மறுபக்கம் பாலியூரிதேன் படலமும் ஒட்டியது, அதுதான் எனக்குத் தெரிந்ததில் சிறந்தது. மெத்தென்று மடியும், சலசலக்காது, பல முறை துவைப்பைத் தாங்கும். ரெக்சின் வேலைக்கு ஆகும், ஆனால் மடிகிற இடத்தில் நாளடைவில் வெடிக்கும். தார்ப்பாய் சத்தம் போடும். பயந்த பூனை அந்தச் சத்தத்துக்கே அந்தப் பக்கம் வராது. இந்தத் துணிகளைத் தைக்கும்போது நடுவில் குண்டூசி குத்தாதீர்கள், குத்திய இடமெல்லாம் ஓட்டை. ஓரத்தில் கிளிப் போட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, இவற்றை மெஷினில் போட்டு வேகமாகப் பிழிய விடக் கூடாது. தண்ணீர் புகாத துணி சுற்றும்போது உள்ளே தண்ணீரைத் தேக்கிக்கொள்ளும், டிரம் ஒருபக்கம் பாரமாகி மெஷின் தூக்கிப் போடும். கையால் அலசித் தொங்கவிடுவதே நல்லது.

இப்போது நீங்கள் கேட்ட மேல் துணி. இறுக்கமாக நெய்த பருத்தி அல்லது பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த துணி என் முதல் தேர்வு. ஜீன்ஸ் துணி, கித்தான், கனமான படுக்கை விரிப்பு எல்லாம் இந்த வகை. நெசவு இறுக்கமாக இருந்தால் முடி உள்ளே குத்தி நிற்காமல் மேலாகவே கிடக்கும், உதறினால் போகும், நகமும் சிக்காது. டர்க்கி டவல் ஈரத்தை நன்றாக உறிஞ்சும், ஆனால் அதன் சுருள்களில் பூனை நகம் மாட்டி இழுபடும். வெல்வெட்டும் கார்டுராயும் பார்க்க அழகு, முடியை விடவே விடாது. ஃப்ளீஸ் என்கிற பொசுபொசு பாலியஸ்டர் துணி மென்மையானது, வெட்டின ஓரம் பிசிறு விடாது, மிகச் சீக்கிரம் காயும். காற்று வறண்ட காலத்தில் மட்டும் மின்னூட்டம் ஏறி முடியை இழுத்து ஒட்டிக்கொள்ளும். பூனைக்கு ஃப்ளீஸ் பிடிக்கும், அதற்காக ஒன்று வைத்துக்கொள்ளலாம். முடியின் நிறத்துக்கு அருகில் வருகிற நிறமாகத் துணியை எடுங்கள். அழுக்கை மறைக்க இதைச் சொல்லவில்லை. இரண்டு துவைப்புக்கு நடுவில் உங்கள் கண்ணுக்கு நிம்மதியாக இருக்கும்.

வெட்டுவதற்கு முன் துணியை ஒருமுறை துவைத்துக் காய வைத்தே தீர வேண்டும். பருத்தி முதல் துவைப்பில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு வரை சுருங்குவது சாதாரணம். 30 இன்ச் உறையில் அது ஒன்று முதல் ஒன்றரை இன்ச். தைத்த பிறகு சுருங்கினால் உள்ளே இருக்கிறதைத் திரும்ப நுழைக்கவே முடியாது.

அளவுக்கு, நாய் காலை நீட்டிப் படுத்திருக்கும்போது மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்து, ஆறேழு இன்ச் கூட்டுங்கள். சுருண்டு படுக்கிற பூனைக்கு 18 முதல் 20 இன்ச் போதும். நாயின் அளவோடு உங்கள் மெஷினின் டிரம்மையும் பார்த்துக்கொள்ளுங்கள். டிரம்முக்குள் தளர்வாகப் புரள இடமில்லாத எதுவும் சுத்தமாகாது. பெரிய நாய் என்றால் உள்ளே வைப்பதை இரண்டு துண்டாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், நடுவில் இடைவெளி தெரியாமல் இருக்க மேலே ஒரு மடித்த விரிப்பைப் பரப்புங்கள்.

உறைக்கு ஜிப்பும் வேண்டாம், பொத்தானும் வேண்டாம். தலையணை உறை போல் ஒன்றன் மேல் ஒன்று ஏறி மூடுகிற வாய் போதும். உதாரணமாக 30க்கு 24 இன்ச் படுக்கை என்றால், மேல் துண்டு 31க்கு 25 இன்ச். சுற்றிலும் அரை இன்ச் தையலுக்குப் போகும். அடிப்பக்கத்துக்கு 20க்கு 25 இன்ச்சில் இரண்டு துண்டுகள். ஒவ்வொன்றிலும் 25 இன்ச் ஓரம் ஒன்றை ஒன்றரை இன்ச் மடித்துத் தையுங்கள். மேல் துண்டை நல்ல பக்கம் மேலே பார்க்க விரித்து, அதன் மேல் இந்த இரண்டையும் நல்ல பக்கம் கீழே பார்க்க, மடித்த ஓரங்கள் நடுவில் வரும்படி வைத்தால் ஒன்றன் மேல் ஒன்று ஆறு இன்ச் ஏறி நிற்கும். சுற்றித் தைத்துத் திருப்பினால் உறை முடிந்தது. ஆறு இன்ச்சுக்குக் குறைத்தால் நாய் தோண்டும்போது வாய் பிளந்து உள்ளிருப்பது வெளியே வரும். நூல் பாலியஸ்டராக இருக்கட்டும், பருத்தி நூல் ஈரத்திலும் இழுப்பிலும் முதலில் அறும். ஓரத்தை ஒற்றைத் தையலில் விடாதீர்கள்: முதல் தையலுக்குப் பக்கத்தில் இன்னொன்று ஓட்டி, பிசிறு வராமல் ஓவர்லாக்கோ குறுக்குத் தையலோ போட்டுவிடுங்கள். துவைக்கத் துவைக்கப் பிசிறு விடுகிற ஓரம்தான் உறையின் ஆயுளைக் குறைக்கிறது. வெல்க்ரோவைப் பலர் சொல்வார்கள். முடி எல்லாம் அதில் போய் அடைந்து கொஞ்ச நாளில் பிடிப்பே இல்லாமல் போய்விடும். ஜிப் வைத்தே ஆக வேண்டும் என்றால் நைலான் ஜிப், அதன் பிடியை மறைக்கிற மாதிரி ஒரு மடிப்புப் பட்டை.

அழகுக்கு என்று நாடா, குஞ்சம், தொங்கும் பொம்மை எதையும் தைக்காதீர்கள். பூனை விழுங்கிய நூல் குடலை இழுத்துச் சுருக்கிவிடும், உயிருக்கே ஆபத்து. பூனையின் வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்குவதைப் பார்த்தால் இழுக்காமல், வெட்டாமல், அப்படியே மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும். துணியைக் கடித்துத் தின்கிற பழக்கம் உள்ள நாய்க்கு இப்படி எதையும் தைத்துக் கொடுக்கவே வேண்டாம். சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணிக் கட்டில் நல்லது, அதைக் குழாய்த் தண்ணீரில் கழுவிவிடலாம்.

ஒரு படுக்கைக்குக் குறைந்தது இரண்டு மேலுறை தையுங்கள், மூன்று இருந்தால் சௌகரியம். ஒன்று படுக்கையில், ஒன்று கொடியில். நீங்கள் வாராவாரம் துவைப்பீர்களா, தள்ளிப்போடுவீர்களா என்பது மாற்று உறை கையில் இருப்பதைப் பொறுத்தே இருக்கிறது. பூனைக்கு இன்னொரு காரணமும் உண்டு. அது தன் வாசனை இருக்கிற இடத்தைத்தான் தன் இடம் என்று நம்புகிறது. எல்லாவற்றையும் ஒரே நாளில் துவைத்து வாசனைச் சோப்பு மணக்க வைத்தால் சில பூனைகள் அந்தப் படுக்கையை விட்டே போய்விடும். மேலுறையை மாற்றுகிற அன்று உள் விரிப்பை விட்டுவிடுங்கள், அடுத்த முறை உள்ளே இருப்பதைத் துவைத்துக்கொள்ளலாம்.

துவைக்கும் முன் காய்ந்த நிலையிலேயே வெளியே கொண்டு போய் உதறுங்கள். மிச்சம் இருக்கிற முடியை, லேசாக நனைத்த ரப்பர் கையுறையால் ஒரே பக்கமாகத் தடவினால் உருண்டு வரும். முடியோடு மெஷினில் போட்டால் அது ஈரத்தில் ஒட்டிக்கொண்டு, வடிகட்டியையும் அடைக்கும். மூத்திரம், வாந்தி, இரத்தம் பட்டிருந்தால் முதலில் குளிர்ந்த தண்ணீரில் அலச வேண்டும். சுடுதண்ணீர் புரதக் கறையை நூலோடு பிடிக்க வைத்துவிடும். பூனை மூத்திரத்தில் இருக்கிற யூரிக் அமிலத்தின் உப்புகள் தண்ணீரில் எளிதில் கரையாதவை. காய்ந்த பிறகு வாடை போன மாதிரி இருந்து, காற்றில் ஈரம் ஏறினதும் மறுபடி கிளம்புவதற்கு அதுதான் காரணம். நொதி கலந்த கறை நீக்கியை ஊற்றி, அதன் உறையில் சொல்லியிருக்கிற நேரம் ஊற விட்டு, பிறகு துவைத்தால் பெரும்பாலும் போய்விடும். மூத்திரம் ஊறின துணியில் நேராக பிளீச் ஊற்றாதீர்கள், வினிகரோடு பிளீச்சைச் சேர்க்கவும் கூடாது. இரண்டிலும் நெஞ்சைப் பிடிக்கிற நச்சு வாயு கிளம்பும். துணி மென்மைத் திரவமும் வேண்டாம். நூலின் மேல் படலமாகப் படிந்து உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும். சோப்பைக் குறைத்துப் போட்டு, ஒரு தடவை கூடுதலாக அலசுங்கள். அந்தத் துணியில் படுத்து எழுந்து உடம்பை நக்குகிற பிராணிகள் இவை. ஃபினாயில் வகைக் கிருமிநாசினியும் டீ ட்ரீ எண்ணெயும் படுக்கைக்கு அருகிலேயே வரக் கூடாது. பூனையின் கல்லீரலால் அவற்றை முறிக்க முடியாது.

சாதாரண அழுக்குக்கு வாரம் ஒருமுறை, வழக்கமான தண்ணீரில் துவைத்தால் போதும். தெள்ளுப்பூச்சி வந்துவிட்டால் கணக்கு மாறும். அதன் முட்டை முடியில் ஒட்டி நிற்காது, வழுக்கி விழுந்து நாய் படுக்கிற இடத்தில்தான் சேரும். புழுக்களும் வெளிச்சத்துக்குப் பயந்து துணி மடிப்புக்குள் ஒளியும். துணி தாங்குமானால் 60 டிகிரி செல்சியஸ் தண்ணீரில் துவைப்பது இவற்றைக் கொல்லும் என்பதில் சந்தேகம் இல்லை. தூசிப்பூச்சிக்கும் அதே சூடுதான். உண்ணி குளிர்ந்த தண்ணீர்த் துவைப்பைப் பிழைத்துவிடும்; உலர்த்தும் மெஷினின் வறண்ட சூட்டில் சாகும். ஆனால் படுக்கையை மட்டும் துவைத்துத் தெள்ளுப்பூச்சியை ஒழிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிராணிக்கும் மருந்து வேண்டும், தரையும் சுத்தமாக வேண்டும். நாய்க்கு என்று வாங்கிய பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்கோ இருவரும் படுக்கிற துணிக்கோ போட்டுவிடாதீர்கள், அது பூனைக்கு விஷம். படர்தாமரை என்று மருத்துவர் சொன்னால், உறைகளைத் தனியாக, டிரம்மை நிறைக்காமல், நீளமான சுற்றில் இரண்டு முறை துவைக்க வேண்டும். அந்தப் பூஞ்சையின் வித்துகள் ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும்; தண்ணீரின் சூட்டைவிட, துணி புரண்டு அலசப்படுவதுதான் அவற்றை வெளியேற்றுகிறது.

உறுதியாகச் சொல்ல முடியாதவையும் உண்டு. வேப்பிலையையோ லாவெண்டரையோ உள்ளே வைத்துத் தைத்தால் பூச்சி அண்டாது என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. வினிகர் வாடையைக் குறைக்கும், கிருமிநாசினியாக அதை நம்பக் கூடாது. வெயில் நல்லதுதான், காய வைப்பதால். மடிப்புக்குள் இருக்கிற முட்டையை எல்லாம் அது கொன்றுவிடும் என்று நினைத்துத் துவைப்பதை விட்டுவிடாதீர்கள். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் அடிக்கடி உறை மாற்றுவது உதவலாம், எவ்வளவு உதவும் என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

தையல் மெஷின் இல்லையே என்று தயங்காதீர்கள். பூனைக்கு ஒரு பெரிய தலையணை உறையை எடுத்து, பழைய போர்வையை மடித்து உள்ளே தள்ளினால் தையலே இல்லாமல் படுக்கை தயார். நாய்க்கான உறையைக் கையாலேயே தைக்கலாம். நூலை இரட்டையாகக் கோர்த்து, முன்னே குத்திப் பின்னே திரும்பி வருகிற பின் தையலாக, எட்டு ஒன்பது தையல் ஒரு இன்ச்சுக்குள் வருகிற நெருக்கத்தில் போடுங்கள். ஒவ்வொரு ஐந்தாறு இன்ச்சுக்கும் ஒரு முடிச்சு விழட்டும், ஒரு இடத்தில் அறுந்தாலும் மிச்சம் பிரிந்து ஓடாது. உறையின் வாய் ஏறி நிற்கிற இரண்டு ஓரத்திலும்தான் நாயின் இழுப்பு முழுக்க விழும். அங்கே மட்டும் மூன்று தடவை ஓட்டிவிடுங்கள்.